மூக்கை நம்பலாமா, கடிகாரத்தை நம்பலாமா: வீட்டுச் சமையலறைப் பாதுகாப்புக்கு ஒரு முழு வழிகாட்டி

மிஞ்சிய சாப்பாட்டை வைத்துக்கொள்வதா கொட்டுவதா என்பதை எங்கள் வீட்டில் மோந்து பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அம்மா, பெரியம்மா, அத்தை எல்லோருக்கும் அதே பழக்கம். ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை, விசேஷ வீட்டில் கொடுத்தனுப்பிய பிரியாணி மதியம் 1 மணியிலிருந்து இரவு 9 மணி வரை மேஜை மேலேயே இருந்தது. திறந்தபோது கமகமவென்றுதான் இருந்தது. நன்றாகச் சூடுபடுத்தித்தான் சாப்பிட்டோம். விடிவதற்குள் நான்கு பேருக்கு வாந்தி. தம்பி மகனுக்கு ட்ரிப்ஸ் ஏற்ற வேண்டி வந்தது.

மோந்து பார்த்தும் சூடுபடுத்தியும் ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படித்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளை அதில் கலக்கிறார்கள். அங்கே மூக்கை நம்பலாம். நோய் தரும் கிருமிகளோ பெரும்பாலும் உணவின் மணத்தையும் ருசியையும் மாற்றுவதே இல்லை. அங்கே மூக்கால் பயனில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கவேண்டும். காலையில் அடுப்பைப் பற்றவைப்பதிலிருந்து இரவு சமையலறை விளக்கை அணைப்பது வரை எங்கே எதைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

சிலிண்டர் வீட்டுக்குள் வரும்போதே

சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் மூன்று பட்டைகளில் ஒன்றின் உட்பக்கம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி என்றால் ஜூலை முதல் செப்டம்பர், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் ஆண்டைக் குறிக்கும். ‘பி 28’ என்று இருந்தால் 2028 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்பவேண்டும் என்று பொருள். தேதி கடந்த சிலிண்டர் வந்தால் வாங்காதீர்கள், மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ் இருக்கவேண்டும். காலிச் சிலிண்டரின் எடையும் அதன் மேலேயே எழுதியிருக்கும். எடையையும் கசிவையும் வாசலிலேயே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். வால்வுக்குள் இருக்கும் சின்னக் கருப்பு ரப்பர் வளையம் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மாட்டும்போது வரும் கசிவுக்குப் பல நேரம் அதுதான் காரணம்.

சிலிண்டரைப் படுக்கப் போடக் கூடாது. அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கவேண்டும். ஆரஞ்சு நிற ரப்பர் ட்யூப்பை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும், அதன் மேலேயே தேதி அச்சாகியிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கு படக்கூடாது என்று சிலர் ட்யூப்பின் மேல் துணி சுற்றி வைப்பார்கள். வேண்டாம். உள்ளே வெடிப்பு விட்டாலும் எலி கடித்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கசிவு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடத்தில் கசிகிறது. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதைப் பற்றி நினைக்கவே கூடாது.

கேஸ் வாடை வந்தால்

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் தரையோடு படர்ந்து மூலையிலும் மேடைக்கு அடியிலும் தேங்கி நிற்கும். நின்றுகொண்டு மோந்தால் லேசாக இருக்கும் வாடை, முழங்கால் உயரத்தில் பலமாக இருக்கலாம். அதனால் “லேசாத்தானே அடிக்குது” என்று விட்டுவிடாதீர்கள். செய்யவேண்டியது இந்த வரிசையில்:

1. எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். சுவிட்சுக்குள் எழும் சிறு பொறி போதும். எக்ஸாஸ்ட் ஃபேனும் சுவிட்ச்தான். கேஸை வெளியேற்றுவதாக நினைத்து அதைப் போடுவது ஆபத்து.
2. எரிகிற அடுப்பு, சாமி விளக்கு, ஊதுபத்தி எல்லாவற்றையும் அணையுங்கள்.
3. ரெகுலேட்டரை மூடுங்கள். முடிந்தால் கழற்றிவிட்டு, நூலில் தொங்கும் பாதுகாப்பு மூடியை வால்வின் மேல் அழுத்திப் போடுங்கள்.
4. கதவு ஜன்னல்களை விரியத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியே வாருங்கள்.
5. வெளியே தள்ளி வந்த பிறகுதான் போனை எடுக்கவேண்டும். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906, இரவிலும் எடுப்பார்கள்.

அந்தப் பாதுகாப்பு மூடியை வெட்டி எறிந்துவிடும் வீடுகள் நிறைய. மூடியை மாட்டினால் கசிவு அப்படியே நிற்கும். தயவுசெய்து வைத்திருங்கள்.

குக்கர்

குக்கருக்குள் நீர் 100 டிகிரியில் நிற்காது, ஏறக்குறைய 120 டிகிரிக்குப் போகும். அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது. மூடி தெறித்தால் அவ்வளவு பெரிய விபத்தாவதும் அதனால்தான். ஆவி போகும் குழாய் அடைத்துக்கொள்வதுதான் பல விபத்துகளின் தொடக்கம். ஆகவே ஒவ்வொரு முறை மூடும் முன்னும் மூடியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, வெயிட் உட்காரும் குழாயின் வழியே பாருங்கள். மறுபக்கம் வெளிச்சம் தெரியவேண்டும். மூன்று நொடி வேலை. ஒரு பருப்புத் தோல் அடைத்திருந்தாலும் ஊசியால் குத்தி எடுத்துவிட்டுத்தான் மூடவேண்டும்.

அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை மாதிரி உப்பிப் பொங்கும் பொருளென்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் போகக் கூடாது. மற்றவை மூன்றில் இரண்டு பங்கு வரை. பருப்பில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆவி தாராளமாக வந்த பிறகு வெயிட்டைப் போடுங்கள். வழக்கமான நேரம் தாண்டியும் விசில் வரவில்லை என்றால் உடனே அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மூடியைத் தட்டிப் பார்ப்பது, வெயிட்டை ஆட்டிப் பார்ப்பது எதுவும் வேண்டாம். தானாக ஆறட்டும்.

ஸ்கூலுக்கு நேரமாகிவிட்டது என்று கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. கஞ்சியோடு பீறிட்டு வரும் அந்த ஆவி நேராக முகத்துக்கு வரும். மூடி லேசாகத் திறக்கவில்லை என்றால் உள்ளே அழுத்தம் இருக்கிறது என்றுதான் அர்த்தம். பிடியில் துணியைச் சுற்றித் திருகித் திறக்காதீர்கள். சேஃப்டி வால்வ் ஒருமுறை போய்விட்டால் அதே கம்பெனியின் புது வால்வைப் போடவேண்டும். ஆணியோ ஈயமோ வைத்து அடைத்த குக்கரை வீட்டில் வைத்துக்கொள்ளவே கூடாது. புதிதாக வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரையையும் ஐஎஸ் 2347 என்ற எண்ணையும் பாருங்கள்.

எண்ணெய்ச் சட்டி, சீடை

கோகுலாஷ்டமிக்குச் சீடை போட்டவர்களுக்கு அந்த வெடிச்சத்தம் தெரியும். மாவை இறுக்கி உருட்டும்போது உள்ளே ஈரமும் காற்றும் மாட்டிக்கொள்கின்றன. வெளிப்பக்கம் மொறுமொறுப்பாக இறுகிவிடும், உள்ளே ஆவியான நீருக்குப் போக வழியில்லாமல் வெடிக்கிறது. என் சித்தியின் முன்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மாவைச் சலித்து எடுங்கள், அழுத்தாமல் லேசாக உருட்டுங்கள், துணியில் பரப்பி ஈரம் போக உலரவிடுங்கள், ஒவ்வொன்றையும் ஊசியால் குத்துங்கள். முதலில் நான்கைந்தை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் மொத்தமாகப் போடலாம். மிளகாய் பஜ்ஜிக்கு மிளகாயைக் கீறிக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான்.

எண்ணெய் புகைய ஆரம்பித்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே விட்டால் கொஞ்ச நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். பற்றிக்கொண்டால் கை தன்னிச்சையாகத் தண்ணீர்ச் சொம்பைத் தேடும். அதைத்தான் அடக்கவேண்டும். எண்ணெயைவிடத் தண்ணீர் கனம், ஊற்றியதும் அடிக்குப் போய் அந்த நொடியே ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 1,700 லிட்டர் ஆவியாக விரியும். அந்த வேகத்தில் எரிகிற எண்ணெய் கூரை வரை எழும்பும். செய்யவேண்டியது: கை எட்டினால் அடுப்பை அணையுங்கள். சட்டியை விடப் பெரிய மூடியையோ தாம்பாளத்தையோ நம் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமாக நகர்த்தி மூடுங்கள். பிறகு திறந்து பார்க்காதீர்கள். எண்ணெய் முழுக்க ஆறும் முன் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். எரிகிற சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவே கூடாது. வடை சுடும்போது ஒரு மூடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தொடங்குங்கள்.

நைலான் புடவை, தொங்கும் துப்பட்டா, தளர்ந்த நைட்டிக் கை ஆகியவற்றோடு அடுப்படியில் நிற்காதீர்கள். பருத்திதான் நல்லது, அதையும் செருகிக்கொள்ளவேண்டும். அடுப்புக்குப் பின்னால் இருக்கும் அலமாரியில் உப்பையும் புளியையும் வைத்திருந்தால் தயவுசெய்து இடம் மாற்றுங்கள். எரிகிற அடுப்புக்கு மேலே கை நீட்டும்போதுதான் முந்தானை பற்றுகிறது. துணி பற்றிக்கொண்டால் ஓடக் கூடாது, ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருளவேண்டும்.

இன்னொன்று, வடித்த கஞ்சி. சோறு வடிக்கும்போது வடிதட்டு நழுவிக் காலில் கஞ்சி கொட்டிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! கஞ்சி ஒட்டிக்கொண்டு சூடு இறங்காமல் இருப்பதால் வெறும் வெந்நீரைவிட ஆழமாகச் சுடும். ஈரப் பிடிதுணியால் பிடிக்காதீர்கள், ஈரம் சூட்டை உடனே கைக்குக் கடத்தும். குழந்தைகள் உள்ள வீட்டில் சாம்பார்ப் பாத்திரத்தையும் ரசத்தையும் தரையில் இறக்கி வைக்கவே கூடாது, ஒரு நிமிடத்துக்குக்கூட. அடுப்பின் மேல் இருக்கும் பாத்திரங்களின் பிடி வெளியே நீட்டாமல் உள்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

சுட்டுக்கொண்டால்

குழாயைத் திறந்து, ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். இரண்டு நிமிடத்தில் எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுகிறோம், ஆனால் தோலின் அடியில் சூடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். உடனே முடியாமல் போனாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. வளையல், மோதிரம், கடிகாரம் ஆகியவற்றை வீங்கும் முன்பே கழற்றிவிடவேண்டும். ஐஸ் வேண்டாம், தோலை இன்னும் கெடுக்கும்.

இட்லி மாவு, பேனா மை, பற்பசை, மஞ்சள், முட்டை வெள்ளைக்கரு எதையும் பூசாதீர்கள். இதைச் சொன்னால் “எங்க பாட்டி காலத்திலிருந்து செய்றோம்” என்பார்கள். மாவு குளிர்ச்சியாக இருப்பதால் எரிச்சல் அடங்குவது உண்மைதான். ஆனால் புண்ணுக்குள் கிருமி போகும், மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் காயத்தைப் பார்க்கமுடியும். அந்த வலியைக் குழந்தைகள் தாங்கமாட்டார்கள். குளிர்ச்சி வேண்டுமென்றால் குழாய்த் தண்ணீரே போதும். கொப்புளத்தைக் குத்தாதீர்கள், ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு, முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டாலோ, உள்ளங்கை அளவைவிடப் பெரிதாக இருந்தாலோ, குழந்தையோ முதியவரோ என்றாலோ நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

கறி, மீன், சுரைக்காய்

கோழிக்கறியைக் குழாய்க்கு அடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் தட்டு, டம்ளர், கொத்தமல்லி வரை போகும். கழுவாமலே சமைப்பதுதான் பாதுகாப்பு என்கிறது உணவு அறிவியல். நம்மால் கழுவாமல் இருக்கமுடியாது, எனக்கும் மனது வராது. அப்படியென்றால் ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, அதற்குள் கறியை மெல்ல அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றிவிட்டு, சிங்க்கையும் குழாய்ப் பிடியையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். குழாய்ப் பிடியை மறந்துவிடுவோம், கறி பட்ட கையால் அதைத்தான் முதலில் தொடுகிறோம். மஞ்சள் தூளில் பிரட்டியதால் கிருமி செத்துவிட்டதாக நினைக்கவேண்டாம். நடுப்பகுதி 74 டிகிரி சூடாகவேண்டும், அதாவது எலும்போரம் சிவப்பு இல்லாமல், வடியும் சாறு தெளிவாக வரும் வரை வேகவேண்டும். கறி வெட்டிய பலகையில் வெங்காயப் பச்சடிக்கு நறுக்கக் கூடாது. இரண்டு பலகை வைத்துக்கொள்வதுதான் எளிய வழி.

மீனைப் பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று. சூரை, அயிலை (கானாங்கெளுத்தி), மத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். எவ்வளவு கொதித்தாலும் அது போகாது. குழம்பு சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். “எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது” என்று நினைத்துக்கொள்ளும் சிலருக்கு உண்மையில் நடந்தது இதுவாக இருக்கலாம். ஐஸில் கிடக்கும் மீனாகப் பார்த்து வாங்குங்கள். சந்தைக்குப் போனால் மீனைக் கடைசியாக வாங்குங்கள், வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள்.

சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரிக்காயை நறுக்கும்போது நுனி நாக்கில் ஒரு துண்டைத் தொட்டுப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு முழுக் காயையும் எறியுங்கள். அந்தக் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு. சமைத்தாலும் குறையாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து ரத்த வாந்தி எடுத்து இறந்தவர்களும் இந்தியாவில் உண்டு. உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு குடிக்கிற பொருள் அல்ல அது. பூஞ்சை பிடித்த வேர்க்கடலையும் அப்படித்தான், வறுத்தாலும் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு போகாது. மற்றபடி, வடையை எண்ணெய் வடியச் செய்தித்தாளில் போடுவதை நிறுத்துங்கள். அச்சு மை உணவில் ஏறும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே எச்சரித்திருக்கிறது.

சமைத்த பிறகு கடிகாரம்

எங்கள் பிரியாணி விஷயத்துக்கு வருகிறேன். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இருப்பது சாதாரணம். சோறு வேகும் கொதியில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் முளைத்துப் பெருகி, நஞ்சை விடுகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது, குக்கர் சூட்டையும் தாங்கும். எங்கள் வீட்டில் யாரும் பரிசோதனை செய்யவில்லை, ஆனால் எட்டு மணி நேரம் மேஜையில் கிடந்த பிரியாணிக்கு இதுவே போதுமான காரணம். கை வெட்டுக்காயத்திலிருந்தும் மூக்கிலிருந்தும் உணவுக்குப் போகும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சும் கொதிக்கு அசையாதது. விரலில் புண் இருந்தால் கட்டுப் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பிசையுங்கள், அல்லது வேறு யாராவது பிசையட்டும்.

கணக்கு இதுதான். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு அந்த நிலையில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் இந்த ஒரு மணி நேரக் கணக்கில்தான் வரும். மிஞ்சும் என்று தெரிந்தால் சாப்பிடும் முன்பே அந்தப் பங்கைத் தனியே எடுத்து, அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய பாத்திரத்தோடு உள்ளே வைத்தால் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். சோறு என்றால் மறுநாளுக்குள் முடிக்கவேண்டும். தேவையானதை மட்டும் எடுத்து, ஆவி பறக்க ஒருமுறைதான் சூடுபடுத்தவேண்டும். தேங்காய்ச் சட்னிக்கு இந்த அவகாசம்கூடக் கொடுக்காதீர்கள், அன்றைக்கு அரைத்தது அந்தந்த வேளைக்கு.

நம் முன்னோர்கள் பயணத்துக்குக் கட்டுச்சோறாகப் புளிசாதம் கட்டிக்கொண்டு போனதில் நியாயம் இருக்கிறது. புளியின் புளிப்பும் உப்பும் கிருமி பெருகுவதைத் தடுக்கும். பொங்கிய இட்லி மாவையும் தயிரையும் புளிப்புதான் காக்கிறது. பழைய சோறும் நீரில் ஊறிப் புளித்து, அந்தப் புளிப்பால்தான் நிற்கிறது. சோற்றை நன்றாக ஆறவிட்டு, மூழ்கும் அளவு சுத்தமான தண்ணீர் ஊற்றி, மறுநாள் காலையிலேயே சாப்பிட்டுவிடவேண்டும். கொழகொழவென்று நூல் விட்டாலோ வழக்கமான புளிப்பு வாசம் மாறியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். பயணம் போகும்போது தேங்காய் சாதத்தையும் முட்டைச் சோற்றையும் புளிசாதம் மாதிரி நினைத்துக் கட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஃப்ரிட்ஜ் 4 டிகிரிக்குள் இருக்கவேண்டும். பச்சைக் கறியும் மீனும் மூடிய டப்பாவில் கீழ்த்தட்டில், சமைத்தவை மேலே. கீழே இருப்பது மேலே சொட்டாது. உறைந்த கறியை மேடை மேல் வைத்து இளக்காமல், முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் கரண்ட் போகும் நாளில் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். ஊருக்குப் போகும் முன் ஃப்ரீஸரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் உள்ளே புதைந்திருந்தால் நடுவில் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதை எறிந்துவிடலாம்.

வாந்தி பேதி வந்துவிட்டால் ஓஆர்எஸ் பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ரத்தம் கலந்து போனாலும், சிறுநீர் போகவே இல்லை என்றாலும், குழந்தை துவண்டு கிடந்தாலும் காத்திருக்காதீர்கள்.

மிக்ஸி, கத்தி, பாட்டில்

சூடான தக்காளியையோ பருப்பையோ மிக்ஸியில் போட்டால் ஆவி மூடியைத் தூக்கி எறியும், ஆறவிட்டு அரையுங்கள். ஜாருக்குள் விரல் விடும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை அணைத்தது போதாது. கிரைண்டர் ஓடும்போது மாவைத் தள்ளிவிடக் கையை விடக் கூடாது, தொங்கும் பின்னலும் துப்பட்டாவும் அருகில் வரக் கூடாது. மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அழுத்தி அறுக்கவேண்டியிருப்பதால் அது சறுக்கும். அரிவாள்மனையை எழுந்திருக்கும் முன்பே மடக்கிவிடுங்கள். ஈரத் தரையில் சுவிட்சைத் தொட்டு ஷாக் அடித்த வீடு என்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

ஃபினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தோடு வரும் குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, தொண்டையை மறுபடி அரிக்கும், மண்ணெண்ணெய் என்றால் நுரையீரலுக்குள் போய்விடும். குடித்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

இரவு படுக்கும் முன்

அடுப்புத் திருகுகளை மட்டும் மூடாமல் ரெகுலேட்டரையும் மூடுங்கள். பிடிதுணியையும் தேய்க்கும் ஸ்பாஞ்சையும் ஈரத்தோடு சுருட்டிப் போடாமல் பிழிந்து காயவிடுங்கள். அப்புறம் ஒரு தாளில் 1906, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108 என்று பெரிய எழுத்தில் எழுதி, சமையலறைக் கதவுக்கு வெளிப்பக்கம் ஒட்டுங்கள். வெளிப்பக்கம் என்பது முக்கியம், உள்ளே கேஸ் கசிந்தால் யாரும் உள்ளே போய்ப் படிக்கமுடியாது. வீட்டில் போன் இருக்கும் இடத்தையும் இந்த எண்களையும் பாட்டிக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒருமுறை காட்டி, அவர்களையே டயல் செய்வதுபோலச் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள்.